வண்டி ரெடி... கால் ரெடியா?



மலர்க் குழுவினர் என்னிடம் "சாலைப் பாதுகாப்பு" என்று ஒரு தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்தவுடன் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவுக்குப் போய்விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான். அதனால் உபதேசம் வேண்டாம். என் வலது காலையும் என் வண்டியையும் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டும் ஒரே நாளில் உடைந்தன. ஆனால் ஒரே நாளில் சரியாகவில்லை. என் கட்டுரையின் சாரமே அதுதான்!

வண்டி அப்பாவுடையது. 1994 மாடல் ஆர்.எக்ஸ். 100. நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் மந்தைவெளி வீட்டு வாசலில் நின்ற வண்டி. போன ஜூலையில் ஒரு காலை நேரம், லேசான தூறல். அடையாறு திரு.வி.க. பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் பீரியடுக்கு லேட். முன்னால் போன ஆட்டோ சட்டென்று பிரேக் போட்டது. ஆட்டோக்காரர் மேல் தப்பே இல்லை. அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம்கூட இடம் விடாமல் போனேனே, அது என் தப்பு. வண்டி வழுக்கி, நான் கீழே, வண்டி என் காலின் மேலே. முழங்காலுக்குக் கீழே இருக்கும் டிபியா எலும்பு நடுவில் இரண்டாகிவிட்டது.

தலையில் ஹெல்மெட் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு நீளமான கீறல். அந்தக் கீறல் எங்கே விழுந்திருக்க வேண்டியது என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. 1935-இல் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று பேர் பெற்ற டி.இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் அதோடு விட்டுவிடவில்லை. ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-இல் ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று எழுதினார். நாம் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறோமே, அந்தப் பொருளுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது! ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ரிப்பேர் செய்ய முடியாத பொருள் அது ஒன்றுதான்.

மறுநாள் ஆபரேஷன். எலும்பின் உள்ளே, நடுவில் இருக்கும் குழாய் வழியாக ஒரு நீளமான கம்பியைச் செலுத்தி, மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டினார்கள். இந்த முறைக்கு வழி திறந்தவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர். 1940 வாக்கில் அவர் முதலில் சொன்னபோது மற்ற டாக்டர்கள் நம்பவில்லையாம். எனக்கோ, "ஃபிட்டிங் ஷாப் வேலையைப் போய் காலுக்குள்ள பண்ணியிருக்காங்களே" என்று ஒரே ஆச்சரியம்!

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கட்சிகள் உருவாயின. முதல் கட்சி அம்மா. "அந்தச் சனியனைக் காயலான் கடையில போட்டுட்டு வாங்க" என்று அப்பாவிடம் சண்டை. இரண்டாவது கட்சி நம்ம பசங்க. "மச்சி, பயம் உள்ள உட்காரதுக்கு முன்னாடி ஏறி ஓட்டிடணும்டா. விட்டா அப்புறம் ஓட்டவே மாட்ட." ஒரு கட்சி வண்டியே வேண்டாம் என்றது. இன்னொரு கட்சி இப்பவே வேண்டும் என்றது. இரண்டும் தப்பு என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குப் பசங்க சொன்னதுதான் இனித்தது.

ஆகஸ்ட் மாதம் வாசலில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நண்பன் இருந்தான். ஹெட்லைட் டூம், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் போய்விட்டன. முன் ஃபோர்க் பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. "பெயின்ட் அடிச்சா புது வண்டி" என்று நினைத்தேன்.

புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் என் ஆசையில் தண்ணீர் ஊற்றினார். "தம்பி, பெயின்ட்டு கடைசி வேலை. மொதல்ல நூல் புடிச்சுப் பாரு. பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் நேர்கோடு இருக்குதான்னு பாரு. கோணையா இருக்கிற வண்டிக்கு நீ இன்னா கலர் அடிச்சாலும் அது கோணையாத்தான் போவும்." செகண்ட் ஹேண்ட் ஃபோர்க் கேட்டேன். சிரித்தார். "இதுவும் எங்கியோ வுழுந்த வண்டியோடதுதானே தம்பி? செக் பண்ணாம மாட்டாத."

நம் மெட்ராலஜி லேபில் ஃபோர்க் பைப்பை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் வைத்துச் சுழற்றினோம். கண்ணுக்கு நேராகத் தெரிந்த பைப்பில் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது! அடுத்து, ஃபோர்க் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் டி-ஸ்டெம். பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தோம். இரண்டாம் ஆண்டில் ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் செய்த அதே டை பெனிட்ரன்ட் டெஸ்ட். வெள்ளையில் மயிரிழை போல் ஒரு சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தது. விரிசல்! பெயின்ட் அடித்து ஓட்டியிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் ஓடும்போதே உடைந்திருக்கும். ஃபோர்க், டி-ஸ்டெம், கோன் செட் எல்லாம் ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கினோம். ஒவ்வொரு நட்டையும் டார்க் ரென்ச் வைத்துத்தான் முடுக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுக்கமாக நான் எதையும் செய்ததில்லை.

நவம்பரில் வண்டி ரெடி. இப்போது நண்பர்களே, என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

வண்டிக்கு டயல் கேஜ் வைத்துப் பார்த்த இந்த எதிர்கால என்ஜினியர், தன் காலுக்கு என்ன செய்தான் தெரியுமா? பிசியோதெரபி அக்கா தினமும் மூன்று வேளை தொடையை இறுக்கிப் பிடித்து விடச் சொன்னார், காலை நீட்டித் தூக்கச் சொன்னார், பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். நான் ஒரு வேளை செய்தேன். மற்ற இரண்டு வேளை கார்புரேட்டர் கழுவினேன். எடை பார்க்கும் மெஷினில் காலை வைத்து, இத்தனை கிலோ வரைதான் ஊன்றலாம் என்று காட்டிக் கொடுத்தார். யாரும் பார்க்காத நேரத்தில் நான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு முழு எடையும் போட்டு நடந்தேன். வலிக்கவில்லை. "கம்பிதான் இருக்கே!"

ஆர்.எக்ஸ். 100-க்கு செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. கிக்கர் வலது பக்கம். என் உடைந்த காலும் வலது. நண்பன் கிக் அடித்துக் கொடுத்தான். அந்தச் சத்தம்! மந்தைவெளியிலிருந்து லஸ் கார்னர் வரை போய்விட்டுத் திரும்பினேன். சிக்னலில் வலது காலை ஊன்றியபோது சுருக்கென்று ஒரு வலி. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கீழே பூட்டியிருந்த ஸ்க்ரூ வளைந்திருந்தது. "நீ டிப்ளமோ மெக்கானிக்கல்தானே? ஃபெடீக்னா என்ன?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "கம்பி உனக்குக் காலுக்குப் பதிலா போட்டது இல்லப்பா. எலும்பு சேர்ற வரைக்கும் கொடுத்த கைமாத்துக் கடன். எலும்பு முந்துதா, கம்பி முந்துதான்னு ஒரு ரேஸ். நீ கம்பியைத் தோற்க வைக்கப் பார்க்கிற." ஒரு நாள் வண்டி ஓட்டியதால் மட்டும் வளையவில்லையாம். யாரும் பார்க்காமல் நான் நடந்த ஒவ்வொரு அடியும் அதில் சேர்ந்திருந்தது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேனே... திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுமை, பெரிய சுமை உடைக்காததையும் உடைக்கும் என்று! மார்க் வாங்கினேன். புரிந்துகொள்ளவில்லை.

மறுபடி ஆறு வாரம் ஊன்றுகோல். அட்டெண்டன்ஸ் குறைந்து ஒரு செமஸ்டரும் போனது. வலது தொடை இடது தொடையைவிட நாலு சென்டிமீட்டர் இளைத்திருப்பதை அக்கா டேப் வைத்து அளந்து காட்டினார். வண்டியை அளந்தவன் அன்றைக்குத்தான் தன்னையும் அளக்கக் கற்றுக்கொண்டான்.

அதற்காகப் படுத்தே கிடந்தால் சரியாகுமா? அதுவும் இல்லை. ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் டாக்டர் 1892-லேயே சொல்லிவிட்டார்: எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும். சுமையே இல்லையென்றால் மெலியும். ஆகவே அளவோடு, படிப்படியாகச் சுமை ஏற்ற வேண்டும். நம் பாஷையில் சொன்னால் ரன்னிங் இன்! புது பிஸ்டன் போட்டவுடன் யாராவது ஃபுல் த்ராட்டில் கொடுப்போமா? இன்னொன்று: சிகரெட் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். வாசல் டீக்கடை நண்பர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

விபத்திலிருந்து மீண்டவர்கள் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது நடிகர் விக்ரம். லயோலா கல்லூரியில் படித்த காலத்தில், நம் அடையாறு ஐ.ஐ.டி.யில் நடந்த விழாவில் நாடகத்துக்காகச் சிறந்த நடிகர் பரிசு வாங்கியவர். அதன் பிறகு மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி மோதிக் கால் நொறுங்கியது. மூன்று வருஷம் படுக்கை. காலை எடுத்துவிடாமல் காப்பாற்ற 23 ஆபரேஷன்கள். முதல் படம் வந்தது 1990-இல். பேர் வாங்கித் தந்த 'சேது' வந்தது 1999-இல். அஜித்குமாரும் 'அமராவதி' (1993) வந்த பிறகு பந்தயப் பயிற்சியில் விழுந்து, மூன்று பெரிய ஆபரேஷன், ஒன்றரை வருஷப் படுக்கை என்று கடந்தவர்தான். நாம் இவர்களைப் பற்றிப் பேசும்போது "என்னா வில் பவர்டா!" என்கிறோம். 23 என்ற எண்ணை யாரும் நின்று யோசிப்பதில்லை. இருபத்து மூன்று முறை முதலிலிருந்து காத்திருப்பது என்றால் என்ன என்று ஊன்றுகோல் பிடித்தவனுக்குத்தான் தெரியும். வில் பவர் என்பது எழுந்து ஓடுவது அல்ல. டாக்டர் "இன்னும் ஆறு வாரம்" என்று சொல்லும்போது கோபப்படாமல் நாள்காட்டியில் குறித்துக்கொள்வது. பதறாத காரியம் சிதறாது என்று பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

சரி, வண்டியை விற்றிருக்க வேண்டுமா? அம்மா மன்னிக்க வேண்டும், கூடாது என்பதே என் கருத்து. நாற்காலியில் உட்கார்ந்து நான் அழாமல் கடத்திய நாட்களுக்கு அந்த வண்டிதான் காரணம். ஏன் விழுந்தேன், எது வளைந்தது, எது உடைந்தது என்று ஒவ்வொரு பாகமாகப் பார்த்தவனுக்குத்தான் மறுபடி ஓட்டும் தகுதி வரும். பயத்தில் விற்றவன் பிறகு இன்னொரு வண்டி வாங்கி அதே மாதிரிதான் ஓட்டுவான்.

நம் பேரவைக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: வருஷத்துக்கு ஒரு நாள் நம் ஒர்க் ஷாப்பில் மாணவர்களின் வண்டிகளுக்குப் பரிசோதனை முகாம் நடத்துங்கள். டயல் கேஜும் டார்க் ரென்ச்சும் ரெக்கார்டு நோட்டுக்கு மட்டும்தானா? இரண்டு: அடிபட்டுப் படுத்திருக்கும் மாணவனுக்கு வகுப்புத் தோழர்கள் முறை வைத்து நோட்ஸ் கொண்டு போய்க் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள், ஊன்றுகோலோடு வருகிறவனுக்குக் கீழ்த்தளத்தில் வகுப்பு கேளுங்கள். மூன்று: ரோட்டில் யாராவது விழுந்தால் பயப்படாமல் 108-ஐ அழைக்க எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். உதவி செய்கிறவரை வழக்கில் இழுக்காமல் பாதுகாக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்த்திருக்கிறார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்கு நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. இது தெரியாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இன்னும் எத்தனை பேர்!

கடைசியாக ஒன்று. இந்த பிப்ரவரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "நாலு பக்கத்துல மூணு பக்கம் பாலம் போட்டாச்சு" என்றார். அதன் பிறகும் இரண்டு வாரம் பொறுத்தேன். அக்கா ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, படியேறச் சொல்லி, சரி என்று தலையாட்டும் வரை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, வண்டி மேலிருந்த கவரை எடுத்தேன். வலது காலைக் கிக்கர் மேல் வைத்தேன். முதல் உதை, இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவதில் வண்டி பேசியது.

ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, உள்ளே போய் அம்மாவிடம் காபி கேட்டேன். அன்றைக்கு எங்கேயும் போகவில்லை.

நண்பா, உன் வண்டி ரெடியா என்று நான் கேட்க மாட்டேன். நீ ரெடியா?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை