போட்டோவைக் கொடுத்தால் சிற்பம் வருமாம்!

மரக்கதவில் மயிலும் யானையும் செதுக்கும் சி.என்.சி. ரூட்டர் இயந்திரங்கள் இப்போது நம் ஊர்களில் பட்டறைக்குப் பட்டறை வந்துகொண்டிருக்கின்றன. இதில் நமக்குச் சந்தோஷமேயன்றி வருத்தமில்லை. ஆனால் அவைகளை விற்கப் புறப்பட்டிருக்கும் சிலர் செய்துவரும் புரட்டைக் கண்டு சும்மா இருப்பது யோக்கியமாகாது. "போட்டோவைக் கொடுங்கள், பொத்தானை அமுக்குங்கள், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். மந்திரத்தால் மாங்காய் விழும் என்று சொன்னவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

நமக்குத் தெரிந்த தச்சுத் தோழர் ஒருவர் இந்தப் பேச்சை நம்பி, வீட்டை அடகு வைத்து ஓர் இயந்திரம் வாங்கினார். முதல் வேலையாக, காலஞ்சென்ற தன் தாயாரின் உருவத்தைச் செதுக்கித் தரும்படி ஒருவர் படம் கொண்டுவந்து கொடுத்தார். இயந்திரம் இரவெல்லாம் ஓடிற்று. விடிந்து பார்த்தால் நரைத்த தலைமயிர் மூக்கைவிட உயர்ந்து மலைபோல் நிற்கின்றது. பொட்டு இருந்த இடத்தில் பள்ளம். கண்மணி இரண்டும் இரண்டு குழி. மகன் அழாத குறையாகத் திரும்பிப் போனார். விற்றவரைக் கேட்டால் மரம் சரியில்லை என்றார். சோதிடரோ, இயந்திரம் திசை மாறி நிற்கின்றதென்று சொல்லிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அதன் தலையில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் கட்டிவிட்டுப் போனார்.

உண்மைக் காரணம் என்ன? அந்த மென்பொருள் செய்ததெல்லாம் படத்தில் வெள்ளையாயிருப்பதை மேடென்றும், கறுப்பாயிருப்பதைப் பள்ளமென்றும் எடுத்துக்கொண்டதுதான். நரைமயிர் வெள்ளை, ஆகவே மேடு. கறுப்பு வெள்ளைப் படத்தில் குங்குமமும் கறுப்பே, ஆகவே குழி. வெளிச்சம் வேறு, உயரம் வேறு என்கிற சாதாரண விஷயத்தை விற்றவர் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து உயரத்தை ஊகிக்கும் மென்பொருள்களும் இப்போது வந்திருக்கின்றன. ஊகம் ஊகம்தான். முழு முகத்தின் ஆழத்தை 10 மில்லிமீட்டர் பலகைக்குள் அடக்கும்போது மூக்கு எவ்வளவு எழவேண்டும், காது எவ்வளவு அமுங்கவேண்டும் என்று தீர்மானித்துத் திருத்த மனிதன்தான் வேண்டும். அன்றியும், சாதாரணப் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகளே உண்டு. 10 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு படி 0.04 மில்லிமீட்டர்; அதையே 40 மில்லிமீட்டருக்கு இழுத்தால் கன்னத்தில் மாடிப்படி தெரியும். 16 பிட் படத்தில் 65,536 படிகள் உண்டு. இதெல்லாம் வெறும் கணக்கு.

டூல்பாத் என்னும் கருவிப் பாதையும் இப்படித்தான். "ஜி1 எக்ஸ்120 ஒய்45 இசட்-3.2 எஃப்3000" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் பாமரனுக்குப் புரியாத சுலோகம்போல் இருக்கும். பொருள் இவ்வளவுதான்: இருக்கும் இடத்திலிருந்து நேர்கோட்டில், அகலத்தில் 120, நீளத்தில் 45, மேற்பரப்புக்குக் கீழே 3.2 மில்லிமீட்டர் என்ற புள்ளிக்கு, நிமிஷத்திற்கு 3,000 மில்லிமீட்டர் வேகத்தில் போ. எந்தச் சுலோகக்காரர் இப்படி அர்த்தம் சொல்லி, அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள் என்றிருக்கிறார்?

முதலில் தட்டை முனைக் கட்டரால் கழிவு மரத்தை வழித்து ஒரு மில்லிமீட்டர் மீதி விடவேண்டும். பிறகுதான் உருண்டை முனைக் கட்டர். எடுத்தவுடன் மெல்லிய கட்டரை ஆழமாக இறக்கினால் அது முறியும். அதற்குத் திருஷ்டி என்று பெயர் வைப்பதில் பயனில்லை. 600க்கு 300 மில்லிமீட்டர் பலகையில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட்டினால் 1,000 கோடுகள், 600 மீட்டர் ஓட்டம். நிமிஷத்திற்கு 3 மீட்டர் என்றால் 200 நிமிஷம். இடைவெளியை இரட்டித்தால் நேரம் பாதி. ஆனால் கோடுகளுக்கிடையே நிற்கும் வரப்பின் உயரம் நான்கு மடங்காகும். 3 மில்லிமீட்டர் உருண்டை முனைக்கு 0.0075 இருந்தது 0.03 ஆகிவிடும். மெதுவாகப் போனால் நல்லது என்று நினைப்பதும் தப்பு. நிமிஷத்திற்கு 18,000 சுற்றுச் சுற்றும் கட்டரை ஊர்ந்து போகவிட்டால் அது வெட்டாமல் உரசி மரத்தைக் கருக்கும்.

இனி எதிர்ப்பக்கத்தார். சிற்பம் இரத்தத்தில் வரவேண்டும், இன்ன குலத்தானுக்கே கைவரும் என்கிறார்கள் இவர்கள். நீராவி இயந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட் தன் கடைசிக் காலத்தில் சிலைகளைப் பிரதியெடுக்கும் இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தாரே, எந்தச் சிற்பிக் குலத்தின் இரத்தம் அதைச் செய்தது? அவர் 1819ல் இறந்தார். அந்தப் பட்டறை இன்றும் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கின்றது. எண்களால் ஓடும் வெட்டு இயந்திரத்தை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1952ல் ஓட்டிக் காட்டினார்கள். அவர்கள் யாரும் உளியோடு பிறந்தவர்கள் அல்லர். நிற்க, கையால் செதுக்கிப் பழகிய கிழவருக்கு மூக்கின் எழுச்சி தெரியுமென்பதை நாம் மறுக்கவில்லை. அது பழக்கம், பழகினால் யாருக்கும் வரும். அந்தக் கிழவரைப் பட்டறையை விட்டுத் துரத்தச் சொல்கிறவர்களும் "பொத்தான்" வியாபாரிகளே.

நம் தோழர் அப்படியொரு கிழவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகளைக் கணினிமுன் உட்காரவைத்து, அந்தத் தாயாரின் உருவத்தை மறுபடியும் செதுக்கினார். பொட்டு இம்முறை மேடாக வந்தது. மகன் வந்து வாங்கிக்கொண்டு போனார். கடன் இன்னும் தீரவில்லை.

இவ்வளவையும் கற்றுக்கொடுக்காமல் இயந்திரத்தை மாத்திரம் தலையில் கட்டியதற்கு விற்றவர்கள் என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்? எழுதியனுப்பினால் வெளியிட நமக்கு ஆட்சேபணையில்லை.