டியூ மாதாமாதம் வரும். வெள்ளாமை வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும்

நண்பர்களே, என்னிடம் படித்த பிள்ளைகளே, பதிவு கொஞ்சம் நீளம். தீபாவளிக்கு முன்னால் படித்துவிடுங்கள். அதற்குப் பிறகு படித்தால் பயனில்லை.

செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து 350 சி.சி. வரையுள்ள இரு சக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அன்றிலிருந்து கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சு. "சார், வண்டிய மாத்திரலாமா? புது மாடல் வந்துருக்கு. வரியும் கொறஞ்சிருச்சு. இப்ப விட்டா கெடைக்காதாம்ல." கேட்கிறவர்களில் பாதிப் பேர் மானாவாரி விவசாயிகள், மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரிசல்காட்டு வெள்ளாமையை நம்பி இருக்கிறவர், நன்றாக ஓடுகிற வண்டியைக் கொடுத்துவிட்டு மாதத் தவணையில் புது வண்டி எடுக்கக் கூடாது. அதிலும் புரட்டாசி, ஐப்பசியில் எடுக்கவே கூடாது. இப்போது எடுக்கச் சொல்லி நெருக்குகிறவர்கள் யாரும் உங்கள் நன்மைக்காகச் சொல்லவில்லை.

முதலில் "இப்ப விட்டா கிடைக்காது" என்ற பேச்சு. வரிக் குறைப்பு கடைக்காரர் தருகிற பண்டிகைத் தள்ளுபடி இல்லை, அரசு அறிவித்த வரி விகிதம். தீபாவளி முடிந்த மறுநாள் அது காணாமல் போகாது. தையிலும் பங்குனியிலும் அதே 18 சதவீதம்தான். இதில் அவசரம் விற்கிறவருக்கு. 2017 மார்ச் 29 அன்று, பி.எஸ்.3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த இரண்டு நாட்களில் ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்துக் கூவிக் கூவி விற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? விற்றே ஆகவேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு வந்தால் விலை தானாக இறங்கும். நாம் அவசரப்பட்டால் இறங்காது.

இனி கணக்கு. வாத்தியார் கரும்பலகைக்குப் போய்விட்டார் என்று சிரிக்காதீர்கள். ஒரு பேனா எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

வரி சேராமல் 62,500 ரூபாய் உள்ள ஒரு நூறு சி.சி. வண்டியை வைத்துக்கொள்வோம். 28 சதவீத வரியோடு 80,000. 18 சதவீத வரியோடு 73,750. மிச்சம் 6,250 ரூபாய். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிற்காது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குச் சாலை வரி 10 சதவீதம். 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பதிவுச் செலவு, ஹெல்மெட், கார்டு கம்பி எல்லாம் சேர்ந்தால் சாலையில் இறங்கும்போது 90,000த்தைத் தொட்டுவிடும்.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்ச் என்று 10,000க்குக் கழிக்கிறார்கள், கையிலிருந்து 20,000 கட்டுகிறீர்கள், மீதி 60,000 கடன் என்று வைப்போம். "பத்து பெர்சன்ட் வட்டிதான் அண்ணாச்சி" என்பார்கள். கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். மூன்று வருஷத்துக்கு வட்டி 18,000. மொத்தம் 78,000. 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 2,167 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டியை மட்டும் கடைசி வரை முழு 60,000த்துக்கும் போடுகிறார்கள். குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் இது 18 சதவீத வட்டி. வரியில் மிச்சமான 6,250க்கு ஆசைப்பட்டு, அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கை வட்டியாகக் கொடுக்கிறோம்.

"மைலேஜ் கூடுமே சார்" என்பீர்கள். கூடட்டும். பழையது லிட்டருக்கு 50, புதியது 60 என்றே வைப்போம். ஊரிலிருந்து டவுனுக்கும் காட்டுக்குமாக நாளைக்கு 20 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள், ஆக 6,000 கிலோமீட்டர். பழைய வண்டிக்கு 120 லிட்டர், புதியதற்கு 100 லிட்டர். மிச்சம் 20 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 2,000, மூன்று வருஷத்துக்கு 6,000. பழைய வண்டியின் ரிப்பேர் செலவில் வருஷம் 3,000 மிச்சம் என்று தாராளமாகவே போட்டு, இன்னொரு 9,000 சேருங்கள். மூன்று வருஷத்தில் மொத்த மிச்சம் 15,000.

செலவு எவ்வளவு? கையிலிருந்து 20,000, தவணை 78,000, ஆக 98,000. மூன்று வருஷம் கழித்து அந்த வண்டி 45,000 பெறும் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சப் பணத்தையும் கழித்தால், 38,000 ரூபாய் போயே போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குப் பதிலாக இன்னொரு ஓடுகிற வண்டி வைத்திருப்பதற்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம்.

சரி, ஆயிரம் ரூபாய்தானே என்று நினைக்கலாம். ஆனால் எனக்குப் பெரிய பயம் அந்தத் தொகையைப் பற்றி இல்லை, அது வருகிற தேதியைப் பற்றி.

எனக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கியில் விழுகிறது. மாதத் தவணை என்பது என்னைப் போன்றவனை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. மானாவாரிக்காரருக்கு மாதச் சம்பளம் எங்கே இருக்கிறது? புரட்டாசியில் புழுதி விதைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி. பயறு வகை மார்கழி, தையில் வீட்டுக்கு வரும். மக்காச்சோளம் தை, மாசி. பருத்தியும் வத்தலும் அதற்கும் பின்னால். நாலு மாதம் பணம் உள்ளே போகும், ஓரிரு மாதம் வெளியே வரும், மற்ற மாதங்களில் ஆடு, மாடு, தீப்பெட்டி வேலை, நூறு நாள் வேலை என்று தள்ள வேண்டியதுதான். வருஷத்தில் எட்டு மாதம் கையில் காசில்லாத ஆளிடம் பன்னிரண்டு மாதமும் 2,167 கேட்டால் அவர் எங்கே போவார்? கந்துவட்டிக்குத்தான் போவார். ஒரு டியூ தவறினால் அபராதம், இரண்டு தவறினால் வீட்டு வாசலில் ஆள், அடுத்து வண்டியையே தூக்கிக்கொண்டு போவார்கள்.

இந்தப் பண்டிகை ஆஃபர் எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள். சரியாக விதைப்பு நேரத்தில்! அடகு வைத்த நகைக்குக் கிடைத்த பணம் வீட்டில் இருக்கும் நேரம் அது. ஒரு மூட்டை டி.ஏ.பி. 1,350 ரூபாய். முன்பணமாகக் கட்டுகிற 20,000த்துக்கு 14 மூட்டை அடியுரம் வாங்கலாம், மீதி 1,100 ரூபாய் கையிலும் இருக்கும். அந்த 14 மூட்டை ஷோரூமுக்குப் போய்விட்டால், காட்டுக்கு எது போகும்?

விளைந்துதான் தீரும் என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18 மறந்துவிட்டதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நம் மாவட்டம் முழுக்க நின்ற பயிர் தண்ணீரில் அழுகியது. நிவாரணமும் பயிர்க் காப்பீடும் எப்போது வந்தன என்பது உங்களுக்கே தெரியும். ஜனவரி டியூ மட்டும் ஜனவரியிலேயே வந்தது.

டிராக்டர் கடனை எடுத்துப் பாருங்கள். அதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு தவணை, அறுவடைக்கு ஒரு தவணை என்று வசதி இருக்கிறது. பயிர்க் கடனுக்கும் அறுவடையைப் பார்த்துத்தான் கெடு வைக்கிறார்கள். விவசாயியின் காலண்டர் வேறு என்று கடன் கொடுப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்றுதானே அர்த்தம்? பிறகு அதே விவசாயி உரமூட்டை, தீவனக்கட்டு, தண்ணீர்க் குடம் எல்லாம் ஏற்றிப் போகிற எக்ஸ்எல்லுக்கும் ஸ்பிளெண்டருக்கும் மட்டும் ஏன் மாதத் தவணை? அது விவசாயக் கருவி இல்லையா? அறுவடைத் தவணை கொடுங்கள் என்று நம் விவசாயச் சங்கங்கள் கேட்க வேண்டும். கொடுக்காதவரை அந்தக் கடன் நமக்கு ஆகாது.

அடுத்து, பயமுறுத்தி விற்கிற வேலை. இரண்டு பயங்கள் ஊரில் சுற்றுகின்றன.

ஒன்று, இ20 பெட்ரோல் பழைய வண்டியை நாசமாக்கிவிடும் என்பது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை என்பது உண்மை. இரு சக்கர வாகனங்களுக்கு மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. நம் கணக்கில் அது வருஷத்துக்கு 5 லிட்டர், 500 ரூபாய். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அரசே ஆகஸ்ட் மாதம் சொன்னது. அந்த 500 ரூபாயை நம் தலையில் கட்டியது நியாயமா என்றால், இல்லை. எத்தனால் கலந்தார்கள், விலையைக் குறைக்கவில்லை. கலக்காத சாதாரண பெட்ரோல் வேண்டும் என்றால் பங்கில் கிடைப்பதில்லை. அதற்காக அரசைக் கேள்வி கேளுங்கள். 500 ரூபாய் நஷ்டத்துக்குப் பயந்து 98,000 செலவழிக்காதீர்கள். டியூபை மாற்றுங்கள். மழைக்காலத்தில் டேங்கைக் காலியாக வைத்து மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

இரண்டாவது, 15 வருஷம் ஆன வண்டியை ஓட்டவே முடியாது என்ற வாட்ஸ்அப் செய்தி. 15 வருஷத் தடை விவகாரம் டெல்லியும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் 15 வருஷம் முடிந்தால் வண்டியைக் காட்டி, ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். புகைச் சான்றிதழும் காப்பீடும் உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

புது மாடலில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. காலையில் ஒரே அமுக்கில் கிளம்புகிறது. புகை குறைவு, அது ஊருக்கு நல்லது. ஆனால் கார்புரேட்டரில் தூசி அடைத்தால் ஊர் மெக்கானிக் அரை மணி நேரத்தில் கழற்றி ஊதிக் கொடுப்பார். சென்சாரோ பெட்ரோல் பம்போ போனால் கருவி வைத்துப் பார்க்கிற இடத்துக்கு வண்டியை ஏற்றிப் போக வேண்டும். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் பல புது வண்டிகள் உதைத்தாலும் கிளம்புவதில்லை. ஒரு மழை பெய்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் மண் அப்பி, குச்சியால் நோண்டி எடுத்தால்தான் சக்கரம் சுற்றும். அந்த மண்ணுக்கு உங்கள் வண்டி எந்த வருஷத்து மாடல் என்று தெரியாது.

கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் விட மோசம். "இன்னுமா இந்த வண்டியவே ஓட்டிக்கிட்டு இருக்கீக?" என்ற கேள்விக்குப் பயந்து கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்! மாப்பிள்ளைக்கு இந்த மாடல்தான் வேண்டும் என்று பெண் வீட்டாரைக் கடனாளியாக்குகிற கொடுமை வேறு. தம்பிமார்களே, அப்பா நகையைத் திருப்ப முடியாமல் திணறும்போது நீங்கள் 150 சி.சி. கேட்பது எந்த ஊர் நியாயம்?

சரி, யார்தான் மாற்றலாம்? தினமும் 80 கிலோமீட்டர் ஓடுகிற, மாதச் சம்பளம் வாங்குகிற பிள்ளை மாற்றலாம். அவருக்கு வருஷத்துக்கு 80 லிட்டர் மிச்சம், கணக்கே வேறு. சேஸ் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தால் யாராக இருந்தாலும் மாற்றுங்கள், அதில் பேச்சே இல்லை. நான்குவழிச் சாலையில் இரவில் ஓட்டுகிறவர்கள் பிரேக்கை நினைத்து மாற்றலாம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற பிரேக் கட்டாயம். அது உயிர் காக்கிற வசதி.

மற்றவர்கள் இந்த வருஷம் செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, டயர், ஆயில் இதைப் பாருங்கள். என்ஜினில் போர் வேலையே வந்தாலும், பொதுவாக ஒரு வருஷ டியூவில் பாதிகூட ஆகாது. வெள்ளாமை வீடு வந்த பிறகு, மனசு கேட்கவில்லை என்றால், பங்குனியில் முக்கால்வாசிப் பணத்தோடு போங்கள். போன வருஷம் தயாரித்த வண்டி கடையில் நின்றால் பேரமும் பேசலாம்.

கடன் வாங்கியே தீரவேண்டிய நிலையா? 2024 அக்டோபர் 1 முதல், எல்லாச் செலவும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிய விவரத் தாளைக் கடன் கொடுப்பவர் தரவேண்டும், அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள். "பத்து பெர்சன்ட்" என்று வாயால் சொன்னவர் தாளில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள்.

விதைப்புப் பணத்தை வண்டியில் போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கணக்கில் தப்பு இருக்கிறது என்று நினைப்பவர்கள் உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு, கீழே கணக்கோடு எழுதுங்கள். "காலம் மாறிப்போச்சு சார்" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.