குழாயை வெட்டும் முன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சட்டைத் துணியை வெட்டுமுன் தையற்காரர் நாடாவை எடுத்து நம் தோளில் வைக்கிறார். செருப்புக் கடையில்கூட ஒரு காலை நுழைத்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். சைக்கிளுக்கு மட்டும் என்ன செய்கிறோம்? "22-ஆ, 24-ஆ?" என்று கடைக்காரர் கேட்பார், ஏதோ ஒன்றைச் சொல்லி வாங்கி வந்துவிடுவோம். அப்பா 24 அங்குல வண்டி வாங்கினால், பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழக வேண்டியதுதான். நம்மில் பலர் அப்படிப் பழகியவர்களே. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. வண்டிக்காக மனிதனா, மனிதனுக்காக வண்டியா என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

எனக்கு இது இப்போது வெறும் வாதமாக இல்லை. கோவையில் வெல்டராக இருக்கும் என் அண்ணன், ஓவர்டைம் காசைச் சேர்த்துக் குரோமோலி எஃகுக் குழாய்கள் வாங்கி வைத்திருக்கிறார். எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இரவல் வண்டியில் கொல்லிமலை ஏறுகிறவர் அவர். 70 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு மனப்பாடம். இப்போது தமக்கென்று ஒரு மலைச் சைக்கிள் பிரேமைத் தம் கையாலேயே வெல்டிங் செய்யப் போகிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நீ படிச்சவன், கணக்கப் போட்டுக் குடு தம்பி. குழாய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வெட்டிய குழாயை நீட்ட முடியாது. ஆகவே எந்த அளவை முதலில் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டாகிவிட்டது. மறுப்போர் மறுக்கலாம்.

காலைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்பது பொது வழக்கம். சுவரில் முதுகை ஒட்டி வெறுங்காலுடன் நின்று, கால்களுக்கு இடையே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்புக்குச் சுவரில் கோடு போட்டால், தரையிலிருந்து அக்கோடு வரை உள்ளது கால் உள்ளளவு. அண்ணனுக்கு அது 77 செ.மீ. இதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கட்டைகள் சுழலும் நடு அச்சிலிருந்து (கடைகளில் பி.பி. என்பார்கள்) சீட்டின் மேற்பகுதி வரை உள்ள உயரம் கிடைக்கும் என்பது பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரின் முறை, அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டால் அது உலகெங்கும் பரவியது. அண்ணனுக்கு 68 செ.மீ. வருகிறது. 1967-இல் ஹேம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு வழி சொன்னார்கள்: கீழே இறங்கி நிற்கும் பெடலிலிருந்து சீட் வரை, கால் உள்ளளவில் 109 சதவீதம். 17 செ.மீ. கிராங்க் போட்டால் இவ்விரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒரு செ.மீ. முரண்படும்.

முரண்படட்டுமே! சீட்டைத் தாங்கும் கம்பியைத் தளர்த்தி ஒரு செ.மீ. ஏற்றவோ இறக்கவோ ஒரு ஸ்பானர் போதாதா? கால் கணக்கு முக்கியமானதுதான். சீட் மிகவும் தாழ்ந்திருந்தால் முழங்கால் சிப்பிக்குப் பளு கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறகு திருத்திக்கொள்ளக் கூடிய ஓர் அளவை வைத்துத் திருத்தவே முடியாத குழாய்களை வெட்டுவது என்ன நியாயம்? எதை மாற்ற முடியாதோ அதைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

கால் அளவு இத்தனை முதன்மை பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. சாலைச் சைக்கிளின் பார் தரைக்குக் கிடையாக இருந்தது. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயின் நீளம் தெரிந்தால் வண்டி முழுவதையும் ஊகித்துவிடலாம்; நம் 22-ம் 24-ம் அந்தக் குழாயின் அங்குலங்களே. மலைச் சைக்கிளின் கதை வேறு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மரின் வட்டாரத்தில், தமால்பைஸ் என்ற மலையின் மண் பாதைகளில் 1970-களில் இளைஞர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளை உருட்டி இறங்கினார்கள். (மலையின் பெயரில் தமிழ் ஒலிப்பது தற்செயல்தான், தமிழார்வலர்கள் பொறுத்தருள்க.) 1976-இல் அங்கே 'ரீபேக்' பந்தயம் தொடங்கியது. இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கரத்து பிரேக்கின் கிரீஸ் புகைந்து போகும். மீண்டும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். பெயர் வந்த வழி அதுவே. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே புதிய பிரேம் ஒன்றைச் செய்தார். பின்னாளில் பாரைச் சரித்து, சீட் குழாயைக் குட்டையாக்கினார்கள். அத்தோடு அந்த அங்குல எண் பெரும்பாலும் பொருளிழந்தது. சாலைக் கணக்குப்படி 77-ஐ 0.67-ஆல் பெருக்கினால் 51.6 செ.மீ. சீட் குழாய் வரும். அதை மலையில் ஓட்டி, சரிவில் திடீரெனக் காலை ஊன்றினால் பார் எங்கே இடிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அண்ணனுக்கு 40 செ.மீ. போதும்.

அப்படியானால் எதை அளப்பது? மலை இறங்குகிறவன் சீட்டில் உட்காருவதில்லை. பெடல்களின் மேல் எழுந்து நிற்கிறான். அப்போது வண்டி அவனைத் தொடும் இடங்கள் இரண்டே: பாதங்கள், கைகள். பி.பி. அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு செங்குத்துக் கோடு இழுங்கள். அக்கோட்டிலிருந்து ஹெட் டியூபின் உச்சி வரை கிடையாக உள்ள தூரம் 'ரீச்'; அந்த உச்சி அச்சுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது 'ஸ்டாக்'. பள்ளியில் படித்த எக்ஸ் அச்சும் ஒய் அச்சும்தான். வேறு மாயம் இல்லை. மலைச் சைக்கிளின் உண்மையான அளவு இந்த இரண்டு எண்களே என்பேன்.

உட்கார்ந்து மிதிக்கும்போது சீட் குழாயின் சாய்வும் சேர்கிறது. அண்ணனுக்கு ரீச் 435 மி.மீ., ஸ்டாக் 610 மி.மீ. என்று வைப்போம். சீட் குழாய் 73 டிகிரி நின்றால், சீட்டிலிருந்து ஹெட் டியூப் வரை கிடைத் தூரம் 435-உடன் 610-ஐ டான் 73-ஆல் வகுத்துக் கூட்டியது. அதாவது 621 மி.மீ. அதே குழாயை 76 டிகிரிக்கு நிமிர்த்தினால் 587 மி.மீ.தான். நிற்கும்போது ஒரே வண்டி. உட்காரும்போது மூன்றரை செ.மீ. குறைந்த வேறு வண்டி! நிமிர்ந்த குழாய் ஏற்றத்தில் உடலை முன்னே தள்ளும். முன் சக்கரம் தூக்காது. சமதரையில் அதே குழாய் உடல் எடையைக் கைகளின் மேல் சாய்க்கும். எங்கள் ஊரிலிருந்து காரவள்ளி அடிவாரம் வரை சமதரைதான். அதனால் 74.5 டிகிரி என்று முடிவு செய்தேன்.

பெரும்பாலான கடைகளில் தொங்கும் பட்டியலோ உயரத்தை மட்டும் கேட்கிறது. எங்கள் விடுதியில் என் நண்பர்கள் இருவர் 170 செ.மீ. உயரம். ஒருவர் கால் உள்ளளவு 76, மற்றவருக்கு 81. முன்னவருக்கு உடல் நீளம். பின்னவருக்குக் கால் நீளம். பட்டியல் இருவருக்கும் 'எம்' என்கிறது. நகரத்துப் பெரிய கடை ஒன்றில் இதைக் கேட்டபோது "பழகிடும் தம்பி" என்றார்கள். தோளும் மணிக்கட்டும் மரத்துப்போகப் பழகுவதையா பழக்கம் என்பது?

மறுபக்கத்திலும் ஒரு மோகம் இருக்கிறது. வெளிநாட்டுப் பந்தய வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே வந்தன. "அதன் எண்களை அப்படியே போடு, உலகத் தரம்" என்று வகுப்புத் தோழன் ஒருவன் யோசனை சொன்னான். வேகமாக நேர் சரிவில் பாய்கிறவனுக்கு நீளம் நிலைப்பைத் தரும்; அது உண்மை. கொல்லிமலைத் தோட்டங்களுக்கு இடையே உள்ள ஒற்றையடிப் பாதையில் நடை வேகத்தில் மடங்கித் திரும்புகிறவருக்கு அதே நீளம் பாரமாகும். ஊரான் உடலுக்கும் ஊரான் மலைக்கும் வெட்டிய சட்டையை நாம் ஏன் போட வேண்டும்? அதற்குக் கடை வண்டியே போதுமே. அண்ணன் குழாயோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஆகவே நாங்கள் ஆளையே அளந்தோம். முன்னும் பின்னுமாகச் செங்கற்களை வைத்து, பெடல் மேல் நிற்பதுபோல் அண்ணனை முழங்கால் மடக்கி நிறுத்தி, ஒரு மூங்கில் கழியை ஹேண்டில்பாராகப் பிடிக்கச் சொல்லி, அவர் களைக்காமல் நிற்கும் நிலையை அம்மா ஒரு புறமும் நான் ஒரு புறமும் நூல் பிடித்துக் குறித்தோம். 435 அங்கிருந்து வந்த எண்தான். ஸ்டெம் என்னும் கழுத்துத் துண்டுக்கு 50 மி.மீ. விட்டிருக்கிறேன்.

எளிதில் மறக்கக் கூடியது ஒன்று உண்டு. முன் ஃபோர்க் 120 மி.மீ. அமுங்கக் கூடியது. ஆள் ஏறியதுமே கால் பங்கு, அதாவது 30 மி.மீ. அமுங்கிவிடும். முன்புறம் தாழ, ஹெட் டியூபும் சீட் குழாயும் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் நிமிர்ந்துவிடும். வெறும் வண்டிக்கு ஒரு படம், ஆள் ஏறிய வண்டிக்கு ஒரு படம் என இரண்டு வரைய வேண்டும். 74.5-க்கு நான் துணிந்ததும் இதனால்தான்.

படங்களைக் கோவைக்கு அனுப்பியாயிற்று. ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால் வாஷர்கள் போட்டு உயர்த்தலாமே என்கிறார் அண்ணன். 66 டிகிரி சாய்ந்த ஹெட் டியூபில் 30 மி.மீ. வாஷர் போட்டால் உயரம் 27 மி.மீ. கூடும், ரீச்சில் 12 மி.மீ. போய்விடும். அதைவிட ஹெட் டியூபையே சற்று நீளமாக வைத்து, அதற்கேற்ப ரீச்சைக் காத்துக்கொள்ளலாம் என்று நான் எழுதியிருக்கிறேன். 110-ஆ, 120-ஆ என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. பொங்கல் விடுமுறைக்கு அவர் வரும்போது செங்கற்களை மறுபடியும் அடுக்கிப் பார்க்க வேண்டும்.