கண்டுபிடித்தாரா? வரைந்தாரா?

"ஜேம்ஸ் குக் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்" என்று வினாடி வினாவில் சொல்றோம். எனக்கு அது சரியாப் படலை. அங்கே மாவோரி மக்கள் பல நூறு வருஷமா வாழ்ந்துட்டுதான் இருந்தாங்க.

அப்போ குக் பெரிய ஆள் இல்லையா? பெரிய ஆள்தான்! 1728-இல் இங்கிலாந்தில் பண்ணைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். நிலக்கரிக் கப்பலில் வேலை பார்த்துக்கிட்டே கணக்குப் படித்தவர். 1769-70-இல் ஆறே மாதத்தில் நியூசிலாந்துக் கரையைச் சுற்றி அளந்து வரைபடம் போட்டார்.

மாவோரிகளிடம் அவருக்காகப் பேசியவர் துபாயா. தஹிதித் தீவில் கப்பல் ஏறிய அவர், ஊர் திரும்பாமலே 1770-இல் இறந்துட்டார். அவர் பேரை நாம சொல்றதே இல்லை.

இனிமேல் இப்படிச் சொல்வோமா? "குக் வரைந்தார், துபாயா துணை நின்றார்."