அழகில்லாத கத்தியும் தேய்மானக் கணக்கும்

எங்க வீட்டு அடுக்களையில 20 வருஷமா ஒரு கத்தி இருந்துச்சு. உடைஞ்ச பிடியில பழைய வேட்டித் துணி சுத்தி, அலகு கன்னங்கரேல்னு... பார்த்தாலே டிடி ஊசி போட்டுக்கத் தோணும்! மதுரையிலேர்ந்து முதல் டிரான்ஸ்ஃபருக்குக் கிளம்பறப்போ அம்மா பெட்டியில வச்சது. அம்மா இப்ப இல்லை. நாக்பூர், போபால், புனேன்னு கத்தி மட்டும் கூடவே வந்துச்சு. தங்கமணி வருஷா வருஷம் அதை 'ரைட்-ஆஃப்' பண்ணச் சொல்வாங்க.

எவர்சில்வர்ல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு, அதான் துருப்பிடிக்காது. இது வெறும் கார்பன் எஃகு. மாங்காய் நறுக்கினா கறுக்கும், ஈரத்தோட வச்சா துருப்பிடிக்கும். ஆனா பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடிவிளிம்புல நாலு இழுப்பு இழுத்தா, பழுத்த தக்காளியும் நசுங்காம துண்டாகும். இரவல் கேட்கவும் ஆள் வராது!

போன மாசம் பொண்ணு வேலைக்காக ஹைதராபாத் கிளம்பினா. புதுக் கத்தி செட் வாங்கித் தரேன்னேன். "வேண்டாம்ப்பா, பாட்டி கத்தியைக் குடுங்க"ன்னா. மனசே வரலை. ஆனாலும் கொடுத்துட்டேன். இப்போ பளபள கத்தியில தக்காளியை நசுக்கிக்கிட்டு, தங்கமணியே அதைத் தேடறாங்க.

பேங்க் கணக்குல தேய்மானம்னா மதிப்பு குறையும். இந்த மாதிரி சாமானுக்குத் தேயத்தேயத்தான் மதிப்பு ஏறுது. உங்க வீட்டு அசிங்கமான கத்தியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பிள்ளைங்க ஒருநாள் கேட்பாங்க.