குறைந்த பணமும் நிறைந்த கணிப்பொறியும்

விலை குறைந்த பொருளை வாங்குவதே சிக்கனம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நான் அவ்வாறு எண்ணவில்லை. பயன்படாத ஒன்றுக்குப் பணம் கொடாதிருப்பதுதான் சிக்கனம். பயன்படும் ஒன்றில் பணத்தைக் குறைப்பது சிக்கனமாகாது. நாளை வரப்போகும் பெருஞ்செலவுக்கு இன்றே அச்சாரம் கொடுப்பதாகும். துணி எடுக்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் இவ்வுண்மையை நம் மாணவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறியைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

"தமிழ் மன்றத்து இதழில் எழுத இதுவும் ஒரு பொருளா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். ஐயமின்றிப் பொருள்தான். விவேக் நகரிலும் அதையடுத்த நீலசந்திரா, ஈஜிபுரா பகுதிகளிலும் அறையெடுத்துத் தங்கியிருக்கும் தமிழ் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்கு அனுப்பியதும் வாடகைக்குக் கொடுத்ததும் போக, மாதந்தோறும் மிச்சம் பிடித்த பணத்தில்தான் அவர்கள் இப்பொறியைக் கட்டுகிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் சேர ஓராண்டு ஆகிறது. அது தவறான பாகத்தில் போய்விட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஒருவனுடைய ஓராண்டு உழைப்பு எழுதத் தகாத பொருளாகுமா?

"விளையாட்டு என்றாலே சூதாட்டந்தானே" என்பாரும் உளர். இரண்டும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின் விளையாட்டுப் போட்டிகளை வேறாகப் பிரித்து வைத்திருக்கிறது. அன்றியும், இரவில் ஆட்டம் ஆடும் அதே பொறிதான் பகலில் நம் ஆய்வுக் கணக்குகளைப் போட்டுத் தருகிறது. ஆகவே அந்த வழக்கை இத்துடன் விட்டுவிடுவோம்.

பாகங்களைப் பற்றிப் பேசுமுன் ஒரு சொல். கலைச்சொல் தேடி அலையாமல், கடைத்தெருவில் வழங்கும் பெயர்களையே இங்குக் கையாளுகிறேன். சதர் பத்ரப்பா சாலை என்பது முழுப்பெயரானாலும் 'எஸ்.பி. ரோடு' என்றால்தானே ஆட்டோக்காரருக்கும் புரிகிறது! அங்கே போய் மின்வழங்கி கேட்டால் கிடைக்காது, எஸ்.எம்.பி.எஸ். கேட்டால் கிடைக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் ஒரு விதியைப் பரப்பினார். பயிரின் வளர்ச்சியை நிலத்தில் மிகுந்திருக்கும் சத்து முடிவு செய்வதில்லை. எல்லாவற்றிலும் குறைந்திருக்கும் சத்தே முடிவு செய்கிறது என்பது அவ்விதி. கணிப்பொறிக்கும் இது முற்றிலும் பொருந்தும். விலையுயர்ந்த செயலிக்குப் பக்கத்தில் மட்டமான கிராபிக்ஸ் கார்டு இருந்தால், செயலிக்குக் கொடுத்த பணம் தூங்கிக் கிடக்கும். எனவே பாகங்களைத் தேர்ந்தெடுப்பவன் கேட்க வேண்டிய கேள்வி, "எது மிகச் சிறந்தது?" என்பதன்று. "எது மற்றவற்றைப் பிடித்து இழுத்து நிறுத்தும்?" என்பதே.

இக்கேள்வியை எங்கிருந்து தொடங்குவது? மானிட்டரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. 1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 2560-க்கு 1440 என்ற திரையிலோ 36,86,400 புள்ளிகள். ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 1.8 மடங்கு புள்ளிகளைக் கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டியிருக்கிறது. அதுபோலவே, 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு நொடியில் 60 படங்களையே காட்டும். கார்டு 110 படங்களை வரைந்து தள்ளினாலும் கண்ணுக்கு வந்து சேர்பவை 60-தான். நண்பரிடம் இரவல் பெற்ற பழைய 60 ஹெர்ட்ஸ் திரையை வைத்துக்கொண்டு பெரிய கார்டுக்குக் கடன் வாங்குவது, குடத்தை மாற்றாமல் குழாயை மட்டும் பெரிதாக்குவது போன்றது. முதலில் திரையை முடிவு செய்யுங்கள். மற்றவை அதற்கேற்ப அமையும்.

திரையை விடுத்து, பொறிக்கு மட்டும் உள்ள பணத்தை நூறு பங்காக்கினால் நான் இவ்வாறு பிரிப்பேன்: கிராபிக்ஸ் கார்டுக்கு 35, செயலிக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 28, ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் 24, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் கேபினட்டுக்கும் 13. இது வேதவாக்கன்று. அன்றைய விலைக்கேற்ப ஒன்றிரண்டு பங்கு கூடலாம், குறையலாம். ஆனால் எந்தப் பங்கும் பாதியாகிவிடக் கூடாது.

கிராபிக்ஸ் கார்டில் பெட்டியின் மேல் எழுதிய ஜி.பி. எண்ணைக் கண்டு மயங்கலாகாது. 'ஜி.டி. 710' போன்ற பழைய கார்டுகள் திரையில் படம் தெரிவதற்கு உதவும். இன்றைய ஆட்டங்களுக்கு உதவா. புதிய கார்டுகளிலும் மறைந்த குறைகள் உண்டு. 2022 ஜனவரியில் வந்த 'ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.' மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கே தடங்களைக் கொண்டது. நினைவகமும் 4 ஜி.பி.தான். பழைய மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. மதர்போர்டில் அதைச் செருகினால் அதன் வேகம் மேலும் குன்றும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2021 அக்டோபரில் வந்த 'ஆர்.எக்ஸ். 6600' கார்டுக்கு 8 தடங்கள், 8 ஜி.பி. நினைவகம். எண்ணில் நூறுதான் வேறுபாடு. ஆட்டத்தில் அது பெரிய வேறுபாடு. ஆய்வுக்கு 'கூடா' நிரல்கள் தேவைப்படுவோர், அவை என்விடியா கார்டுகளுக்கென எழுதப்பட்டவை என்பதையும் மனத்தில் கொண்டு வாங்க வேண்டும்.

செயலியிலும் ஓர் எழுத்து நம்மை ஏமாற்றும். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதனுள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரை இருண்டே கிடக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ரைசன் 5 5600' செயலியும் அத்தகையதே. 'ஜி' என்று முடியும் '5600ஜி'யில் கிராபிக்ஸ் உண்டு. ஆனால் அதன் உள் நினைவகம் 32 எம்.பி.க்குப் பதிலாக 16 எம்.பி.; பி.சி.ஐ.யும் மூன்றாம் தலைமுறையே. கார்டு வாங்க இப்போது பணமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்கலாம் என்போர்க்கு '5600ஜி' நல்ல வழி. இன்றே கார்டும் வாங்குவோர் அதை நாட வேண்டியதில்லை.

ரேம் வாங்குவதுதான் இன்று நமக்குப் பெருந்தொல்லை. செயற்கை நுண்ணறிவுக்கென உலகெங்கும் எழும்பும் கணிப்பொறிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் 'குரூசியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. விவேக் நகர் அறையில் இருக்கும் மாணவன் அமெரிக்கக் கூடங்களோடு ஏலத்தில் போட்டியிட வேண்டியிருக்கிறது! இந்நிலையில் 32 ஜி.பி.க்கு ஆசைப்படாமல் 16 ஜி.பி.யோடு அமைவதே அறிவுடைமை. அதையும் 8 ஜி.பி. அட்டைகள் இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு அட்டை இருந்தால் செயலி இரு வழியாகத் தரவைப் பெறும். தனிக் கார்டு இல்லாத '5600ஜி' போன்ற பொறியில் இதனால் விளையும் நன்மை கண்கூடு.

இனி, நான் இக்கட்டுரை எழுதக் காரணமான பாகத்துக்கு வருகிறேன். அது எஸ்.எம்.பி.எஸ். படம் வரைவதுமில்லை, விளக்கு எரிவதுமில்லை. ஆகையால் அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிப் பாகங்களுக்கு ஊட்டுவது அதன் பணி. அது ஒழுங்காக ஊட்டினால் மற்றவை வாழும். தவறினால் மற்றவற்றையும் கொண்டு போகும்.

விவேக் நகரில் குழந்தை இயேசு திருத்தலத்துக்குப் பின்புறச் சந்தில் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர், 'பேக்கேஜ்' விலையில் ஒரு பொறி வாங்கினார். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினட். அதனுடன் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். ஒன்று இலவசம். மழைக்காலத்தில் ஒரு மாலை மின்சாரம் போய்ப் போய் வந்தது. எஸ்.எம்.பி.எஸ். கருகியது, மதர்போர்டும் உடன் போயிற்று. பில் வேண்டாமென்றால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மிச்சம் என்று கடையில் சொன்னதை நம்பியிருந்ததால், உத்தரவாதம் கேட்கவும் அவர் கையில் ஒரு தாள் இல்லை. அக்கேபினட்டின் விளக்குகள் மட்டும் இன்னும் நன்றாக இருக்கின்றன.

எஸ்.எம்.பி.எஸ். ஒட்டுத்தாளைப் படிக்கப் பட்டம் தேவையில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும். '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை விட்டுவிட்டு 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க 216 வாட். 37 ஆம்பியர் என்றிருந்தால் 444 வாட். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டையே உண்கின்றன. 'ஆர்.எக்ஸ். 6600' கார்டின் குறிப்பளவு 132 வாட். 'ரைசன் 5 5600' செயலியின் குறிப்பளவு 65 வாட். இரண்டுக்குமே 197 ஆகிவிட்டது. முதல் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எஞ்சுவது எவ்வளவு? '80 பிளஸ்' முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆயினும் அது மின்சாரம் வீணாகும் அளவைப் பற்றிய சான்றேயன்றிப் பாதுகாப்புக்குச் சான்றன்று. மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச் சுற்று ஆகியவற்றுக்குக் காப்பு உண்டா என்று தனியே கேட்டறிய வேண்டும்.

பணம் போதவில்லையென்றால் எங்கே குறைப்பது? வண்ண விளக்குகளில் குறையுங்கள். கண்ணாடிக் கேபினட்டில் குறையுங்கள். காற்று நன்கு போய்வரும் எளிய தகரப்பெட்டி போதும். பழைய பாகங்களையும் நாணாமல் வாங்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டுகளைக் கொண்டு சுரங்கம் தோண்டும் முறையைக் கைவிட்ட பிறகு, உழைத்துக் களைத்த கார்டுகள் பல பழைய பொருட் சந்தைக்கு வந்தன. ஆதலால் பழைய கார்டை அரைமணி நேரம் ஆட்டம் ஓட்டிப் பார்க்காமல் வாங்கலாகாது. பழைய ரேமை 'மெம்டெஸ்ட்' கொண்டு சோதித்து வாங்கலாம். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் வாங்காதீர்கள். அதன் உள்ளே தேய்ந்திருப்பதை வெளியிலிருந்து காண முடியாது. கடையில் 'எஷ்டு?' என்று கன்னடத்தில் கேட்கவும், மொத்த விலையை விட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி விலை கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பில் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கொரு முறை அறை மாறுவோர்க்கு லேப்டாப்பே ஏற்றது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் தங்குவோர்க்குப் பாகம் சேர்த்த பொறி தரும் பெரிய நன்மை, அது ஒரே நாளில் முதுமை எய்துவதில்லை என்பது. 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை இன்றும் வழங்குவதால், நல்ல கேபினட்டும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அடுத்த பொறிக்கும் உதவும். ஏ.எம்.டி.யின் 'ஏ.எம். 4' மதர்போர்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் முதல் ரைசனுடன் வாங்கிய பலகைகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2020 முதல் வந்த 5000 வரிசைச் செயலிகளைப் பொருத்த முடிகிறது.

இங்குதான் நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். 2023 நவம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் உலகிலேயே தன் மிகப் பெரிய வடிவமைப்பு நிலையத்தை இதே பெங்களூரில் திறந்தது. சில்லுகளை வரையும் ஊரில் வாழ்கிறோம். நம்மில் பலர் ஒரு கணிப்பொறியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. படிப்பு முடித்து ஊர் திரும்பும் மாணவர்களின் ரேம், கேபினட், மானிட்டர் முதலியவை கட்டிலுக்கடியில் கிடந்து பின் காயலான் கடைக்குப் போகின்றன. அவற்றை மன்றம் பெற்றுச் சோதித்து, புதிதாக வருவோர்க்கு அடக்க விலையில் கொடுக்கட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை, மூத்த மாணவர் இருவர் இளையோர்க்குப் பொறி கட்டக் கற்றுக்கொடுக்கட்டும். ஒரு மேசை, ஒரு திருப்புளி, ஒரு வோல்ட்மானி போதும். நன்கொடை திரட்ட வேண்டியதில்லை.

இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கையர் பலர் இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் எஸ்.பி. ரோட்டில் பணத்தை எண்ணி வைப்பதற்குமுன், அம்முதற் சனிக்கிழமை வந்துவிட வேண்டும். மன்றச் செயலாளர் நாள் குறிக்கட்டும். திருப்புளியை நான் கொண்டு வருகிறேன்.