எல்லைக்கோட்டில் நிற்கும் ஓய்வூதிய விண்ணப்பம்
பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்கள் எழுப்பும் கேள்வி

புதுதில்லி: முதியோர், விதவையர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கான உதவித்தொகை குறித்து நாடாளுமன்றத்தில் விவாதம் எழும்போதெல்லாம் உறுப்பினர்களின் கவனம் தொகையின் அளவிலேயே நிற்கிறது. மத்திய அரசு தரும் 200 ரூபாய் போதுமா, மாநிலங்கள் எவ்வளவு சேர்க்கின்றன என்ற கேள்விகள் ஆண்டுதோறும் எழுப்பப்படுகின்றன. ஆனால், அத்தொகையைக் கேட்டு ஒரு மூதாட்டி கொடுக்கும் விண்ணப்பம் யாரால் பரிசீலிக்கப்படுகிறது, எந்தச் சான்றின் பேரில் ஏற்கப்படுகிறது அல்லது தள்ளப்படுகிறது என்பது பற்றி அவைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

அந்தக் கேள்வியின் கடினத்தைக் காட்டும் இடங்களில் ஒன்று, கேரளத்தின் தென்கோடியில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, காரோடு, குளத்தூர், குன்னத்துகால் உள்ளிட்ட கிராமங்கள். தேசிய நெடுஞ்சாலையில் இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை. மாநிலம் மாறுகிறது, பேச்சும் உறவும் மாறுவதில்லை. இக்கரையில் பிறந்தவர் அக்கரையில் மணமாகி வாழ்வதும், அக்கரை மருத்துவமனையில் இக்கரையைச் சேர்ந்தவர் சிகிச்சை பெறுவதும் அங்கு இயல்பு. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மட்டும் எல்லைக்கோடு மிகத் தெளிவாகத் தெரிகிறது.

1956 ஏற்படுத்திய பிரிவு

1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டுடன் சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது. அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தொடர்ந்தது.

ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த முடிவுக்கும் இன்றைய ஓய்வூதிய விண்ணப்பத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எழுபது வயதைக் கடந்தவர்கள் பிறந்த காலத்தில் எல்லையின் இரு பக்கமும் ஒரே மாநிலம். அவர்கள் பிறந்த ஊரும் படித்த பள்ளியும் ஒருபுறம், மணமாகி வாழும் வீடு மறுபுறம் என்றால், வயதுச் சான்று ஒரு மாநிலத்திலும் வசிப்பிடச் சான்று மற்றொரு மாநிலத்திலும் இருக்கும்.

கேரளத்தில் விண்ணப்பம் செல்லும் பாதை

கேரளத்தில் முதியோர், விதவை, மாற்றுத் திறனாளி, விவசாயத் தொழிலாளர், 50 வயது கடந்த மணமாகாத பெண்கள் ஆகியோருக்கான ஓய்வூதியங்கள் உள்ளாட்சி அமைப்புகள் மூலம் வழங்கப்படுகின்றன. விண்ணப்பம் கிராமப் பஞ்சாயத்து அல்லது நகராட்சி அலுவலகத்தில் அளிக்கப்பட வேண்டும். அத்துடன் வயது, வசிப்பிடம் ஆகியவற்றுக்கான சான்றுகள், குடும்ப அட்டை, ஆதார் நகல் ஆகியவை இணைக்கப்படும். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருப்பதற்கான சான்றை வருவாய்த் துறையின் கிராம அலுவலர் தர வேண்டும்.

பின்னர் விசாரணை நடைபெறும். விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம் எனில் வேளாண் அலுவலர், பிற திட்டங்களுக்கு அங்கன்வாடிப் பணிகளை மேற்பார்வையிடும் அலுவலர் என, திட்டத்துக்கு ஏற்ப விசாரிப்பவர் வேறுபடுவார். இரண்டு ஏக்கருக்கு மேல் நிலம், 2,000 சதுர அடிக்கு மேற்பட்ட நவீன வீடு, வருமான வரி செலுத்துதல் போன்றவை தகுதியைப் பறிக்கும். விசாரணை அறிக்கை பஞ்சாயத்துக் குழுவின் முன் வைக்கப்பட்டு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்கின்றனர். முடிவு "சேவனா" மென்பொருளில் பதிவாகிறது.

இம்முறையில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. வார்டு உறுப்பினருக்கு விண்ணப்பதாரரின் வீட்டு நிலை நேரில் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதை அறிந்தவரே முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார். அதே வேளையில், அவரது அரசியல் விருப்பு வெறுப்புகளும் அங்கு நுழைய இடமுண்டு. 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் பொறுப்பேற்றுள்ள நிலையில், இப்பொறுப்பு முதல் முறையாகப் பலரது கைக்கு வந்துள்ளது.

மறுபுறம் வட்டாட்சியர்

எல்லையின் மறுபுறம் நிர்வாக முறையே வேறு. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் தொடங்கியது. அன்று முதல் வருவாய்த் துறையே அதை நடத்தி வருகிறது. இ-சேவை மையம் வழியாகப் பதிவாகும் விண்ணப்பத்தை கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்கின்றனர். இறுதி ஆணை பிறப்பிப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியர். தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் தீர்மானம் இதில் இல்லை.

தொகையும் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் முதியோர், விதவையருக்கான தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. கேரளத்தில் 1,600 ரூபாயாக இருந்த தொகை 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாய் ஆனது. சில நூறு மீட்டர் இடைவெளியில் வாழும் இரு சகோதரிகள் இரு வேறு தொகை பெறுவதும், இரு வேறு அலுவலகங்களின் முடிவுக்குக் காத்திருப்பதும் இதன் விளைவு.

சான்றுகள் ஒன்றோடொன்று மோதும்போது

உதாரணத்துக்கு, விளவங்கோடு வட்டத்தில் பிறந்து, மணமாகி பாறசாலையில் குடியேறிய ஒரு பெண்ணைக் கொள்ளலாம். அவர் கணவர் நாகர்கோவில் அருகேயுள்ள ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் இறந்துவிடுகிறார். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்பட வேண்டும். எனவே இறப்புச் சான்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அது நாடு முழுவதும் செல்லும் ஆவணம், அதில் ஐயமில்லை.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. பள்ளிச் சான்றில் தந்தை பெயரின் முதலெழுத்து. குடும்ப அட்டையில் கணவர் வீட்டுப் பெயர். ஆதாரில் இரண்டும் கலந்த ஒரு வடிவம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், அதிலிருந்து மலையாளத்துக்கும் செல்லும்போது எழுத்துகள் மாறிவிடுகின்றன. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கு மேலும் ஒரு சான்று கேட்கப்படுகிறது. கூலி வேலையை விட்டுவிட்டு இரு மாநில அலுவலகங்களுக்கும் அலைவது ஆதரவற்ற ஒருவருக்கு எளிதல்ல.

வயதை நிரூபிப்பதும் அவ்வாறே. ஆதார் அட்டை அடையாளத்துக்கே சான்று, பிறந்த தேதிக்கு அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. பள்ளி செல்லாத தலைமுறைக்கு வேறு ஆவணம் தேடுவது பெரும் சுமை.

ஓய்வூதியம் கிடைத்த பின்னும் சான்றுகள் ஓய்வதில்லை. கேரளத்தில் 60 வயதுக்கு உட்பட்ட விதவையர் மறுமணம் செய்யவில்லை என்ற சான்றை ஆண்டுதோறும் தர வேண்டும். உயிருடன் இருப்பதை கைரேகை மூலம் உறுதிசெய்யும் "மஸ்டரிங்" 2019-ல் தொடங்கியது. இதனை அக்ஷயா மையங்கள் மேற்கொள்கின்றன. குறித்த காலத்தில் செய்யாதவர்களுக்குத் தொகை நிறுத்தப்படும். மகளுடன் தங்க களியக்காவிளைக்கோ மார்த்தாண்டத்துக்கோ சென்றிருக்கும் முதியவர் இதனைத் தவறவிட்டால், எல்லையைத் தாண்டியதற்கான விலையைக் கொடுக்க நேரிடும்.

சட்டத்தில் உள்ள தமிழ்

விண்ணப்பப் படிவமும் அறிவிப்பும் மலையாளத்தில் உள்ளன. பேச்சில் இரு மொழியும் கலந்திருந்தாலும், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த முதியோர் இக்கிராமங்களில் உள்ளனர். நிராகரிப்புக்கான காரணம் புரியாதபோது, குறையைத் திருத்தி மீண்டும் விண்ணப்பிக்க இயலாது. மேல்முறையீடும் செய்ய இயலாது.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவுப்படி, மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்ப்பு மனு அளிக்கலாம். 1969-ம் ஆண்டு கேரள அலுவல் மொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைமைகளுடனும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்றும், அதே மொழியில் பதில் பெறலாம் என்றும் கூறுகிறது. ஆனால், உள்ளூர் அலுவலகங்களைப் பொருத்தவரை, மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே இவ்வுரிமை பொருந்தும். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வரும் மூதாட்டிக்குத் தேவைப்படுவது தலைமைச் செயலகத்துடனான கடிதப் போக்குவரத்து அல்ல; முன்னலுவலக மேசையில் ஒரு தமிழ்ப் படிவம்.

தில்லியின் பங்கு

முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு, தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு அரசு வழிசெய்ய வேண்டும் என 41-வது பிரிவு கூறுகிறது. அதன் அடிப்படையில் 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கப்பட்டது தேசிய சமூக உதவித் திட்டம். அப்போது 75 ரூபாயாக இருந்த முதியோர் உதவியில் மத்தியப் பங்கு பின்னர் 200 ரூபாய் ஆனது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு அது 2011-ல் 500 ரூபாயாக உயர்ந்தது. 80 வயதுக்கு உட்பட்டோருக்கான 200 ரூபாய் உயர்த்தப்படவில்லை. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்தும் பயனில்லை.

2025-26 பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 9,652 கோடி ரூபாய். முந்தைய ஆண்டிலும் அதே தொகையே. நாடு முழுவதும் பயனாளிகள் எண்ணிக்கைக்கு சுமார் 3.09 கோடி என்ற உச்சவரம்பும் உள்ளது. கேரளத்தில் சுமார் 60 லட்சம் பேர் பல்வேறு நல ஓய்வூதியங்களைப் பெறுகின்றனர். அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே மத்தியப் பங்கு கிடைக்கிறது. எஞ்சிய முழுச் சுமையும் மாநிலத்துடையது. இதற்கென கேரளம் அமைத்த நிறுவனத்தின் கடனை மத்திய அரசு மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்த்ததும், அதனால் எழுந்த சர்ச்சையும், தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதும் அண்மை வரலாறு.

உரிமையா, சலுகையா?

2001 நவம்பர் 28-ல் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட திட்டங்களின் பயன்களைச் சட்டப்படி கோரத்தக்க உரிமைகளாக்கியது. ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதிக்குள் வழங்க வேண்டும் என்றும் பணித்தது. 2018 டிசம்பரில் முதியோர் உரிமை தொடர்பான அசுவனி குமார் வழக்கில், ஓய்வூதியத் தொகையை நடைமுறைக்கு ஏற்றவாறு மறுஆய்வு செய்யுமாறு மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது.

கடுமையான சரிபார்ப்பு தேவை என்போரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கேரளத்தில் அரசு ஊழியர்கள் 1,458 பேர் நல ஓய்வூதியம் பெற்றது 2024 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. இரு மாநில எல்லையில் ஒருவர் இரு பக்கமும் பயன்பெறும் வாய்ப்பு குறித்த ஐயமும் அதிகாரிகளுக்கு உண்டு. ஆனால், அரசு ஊழியர்கள் சிக்கியது அரசிடமே இருந்த தரவுகளை ஒப்பிட்டதால். ஏழையிடம் மேலும் ஒரு சான்று கேட்டிருந்தால் அது வெளிவந்திருக்காது. அதே ஒப்பீட்டை இரு மாநிலங்களின் பயனாளிகள் பட்டியலுக்கும் செய்தால், இரட்டைப் பயன் பற்றிய ஐயத்தை அரசுகளே தீர்த்துக்கொள்ளலாம்.

"ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டத்தால் களியக்காவிளைக்காரர் பாறசாலைக் கடையில் தானியம் வாங்க இயலும். 2022-ல் அசாம் இணைந்ததுடன் அத்திட்டம் நாடு முழுவதும் விரிந்தது. ஓய்வூதியத்துக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் தொகை வேறுபடுவதால் அது கடினம் என்பது உண்மை. எனினும், இரு மாவட்ட நிர்வாகங்களும் ஒருவர் வழங்கிய சான்றை மற்றவர் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்வதற்கோ, மற்ற மாநிலத்தில் தங்கியிருப்பவரின் கைரேகையை அங்கேயே பதிவதற்கோ தொகை ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

கேரளத்தில் 2012 முதல் சேவை பெறும் உரிமைச் சட்டம் உள்ளது. குறித்த காலத்துக்குள் முடிவு, தாமதித்தால் மேல்முறையீடு, தவறிழைத்த அலுவலருக்கு அபராதம் என்பன அதன் அடிப்படை. நிராகரிப்புக்கான காரணத்தை விண்ணப்பதாரர் வாசிக்கும் மொழியில் எழுத்து மூலம் தருவது, இச்சட்டத்தின் நோக்கத்துக்கு இயல்பாகவே உட்பட்டது. இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

நாடாளுமன்றத்தில் தொகையை உயர்த்தக் கோரும் குரல்கள் மீண்டும் எழும். அது நியாயமானதே. ஆனால், பாறசாலையில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் விதவைக்கு 1,600 ரூபாயும் 2,000 ரூபாயும் ஒன்றுதான். ஆணை வரும் வரை இரண்டுமே அவர் கைக்கு வருவதில்லை. அவரது விண்ணப்பம் எத்தனை நாளில் முடிவாகிறது, எக்காரணத்தால் தள்ளப்படுகிறது என்ற கேள்வியையும் உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கினால்தான், தில்லியில் ஒதுக்கப்படும் பணம் எல்லைக் கிராமத்தின் கடைசி வீட்டை எட்டும்.